கதிரியக்கத் துறைத் தலைவர்களுக்கு: 120 கே.வி.யையும் 100 மி.லி.யையும் மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி இருக்குமோ என்ற ஐயத்துடன் வருபவருக்கு, சி.டி. மெஷின் நிறுவிய நாளில் ஏற்றிய புரோட்டோகாலையே (ஸ்கேன் அமைப்புகளையே) ஓட்டும் மையங்கள் இன்னும் உண்டு. 45 கிலோ பெண்ணுக்கும் 120 கே.வி. (எக்ஸ்-ரே குழாயின் மின்னழுத்தம்), 100 மி.லி. கான்ட்ராஸ்ட் (இரத்தக் குழாயைப் படத்தில் காட்டும் அயோடின் மருந்து), 100 கிலோ ஆணுக்கும் அதுவே.

கே.வி.யைக் குறைத்தால் கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட் இரண்டையுமே குறைக்கலாம். அயோடின் எக்ஸ்-கதிரைத் திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், அதாவது அதன் கே-விளிம்பு, 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கதிர்க்கற்றையின் சராசரி ஆற்றல் அதை நோக்கி இறங்க இறங்க, அயோடின் கூடுதலாக உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும். அதே எம்.ஏ.எஸ்.ஸில் (குழாய் மின்னோட்டம் × நேரம்) 120-லிருந்து 80-க்கு வந்தால் கதிர்வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அயோடினின் பிரகாசமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். 60 கிலோவுக்குக் கீழ் 80, 90 கிலோ வரை 100, அதற்கு மேல் 120 கே.வி. என்பது எங்கள் பரிந்துரை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கே.வி.யை மட்டும் குறைத்துவிட்டு, தானியங்கி எம்.ஏ. (குழாய் மின்னோட்ட) கட்டுப்பாட்டின் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) அளவைப் பழையபடி விட்டால், மெஷின் எம்.ஏ.யை ஏற்றி மிச்சத்தை விழுங்கிவிடும். தமனி பளிச்சென்று தெரியும்போது சற்றுக் கூடுதலான நாய்ஸ் தாங்கும். அந்த அளவைத் தளர்த்துங்கள். மேசை உயரம் தவறி நோயாளி மையம் விலகினாலும் எம்.ஏ. கணக்கு பிசகும்.

மி.லி.க்கு 350 மி.கி. அயோடின் செறிவில் 100 மி.லி. என்றால் 35 கிராம் அயோடின்; 40 மி.லி. என்றால் 14 கிராம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. நொடிக்கு 4 மி.லி. வேகத்தில் 40 மி.லி. 10 நொடி ஓடும். 4, 5 நொடியில் ஸ்கேனை முடிக்கும் 64 ஸ்லைஸ் மெஷினுக்கு அது போதும். மெதுவான பழைய மெஷினுக்கு 50, 60 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே 40 மி.லி. சலைன் போகாவிட்டால் மருந்தில் ஒரு பகுதி கைச் சிரையிலேயே தங்கிவிடும். மேற்பெருஞ்சிரையில் தேங்குவது கோடுகள் வீசி வலப்பக்கத் தமனியை மறைக்கும்.

வார்டிலிருந்து புறங்கையில் நீல வென்ஃப்ளானோடு (சிரையில் செருகும் மெல்லிய ஊசிக்குழாய்) வருபவருக்கு இந்த வேகம் கிடைக்காது. வலது முழங்கை மடிப்பில் அதைவிடத் தடித்த பிங்க் அல்லது பச்சை போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்தைக் குறைத்தபின் நேரம் தவறவே கூடாது. நுரையீரல் தமனித் தண்டில் பிரகாசம் 100 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகைத் தொட்டதும் ஸ்கேன் தொடங்கும்படி வைத்திருப்பீர்கள். 80 கே.வி.யில் குறைந்த அயோடினே அந்த எண்ணைத் தொட்டுவிடும் என்பதால் எல்லையைச் சற்று உயர்த்துங்கள். பதிவுசெய்த மூச்சுக் கட்டளை நீளமாக இருந்தால் உச்சம் கடந்துவிடும். “மூச்சை நல்லா இழுத்து அடக்குங்க” என்பதும் வேண்டாம். ஆழமாக இழுக்கும்போது கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து மருந்து கலக்காத இரத்தம் பாய்ந்து தமனியை மங்கலாக்கும். “லேசா இழுத்து அப்படியே நிறுத்துங்க” போதும். மேசையில் படுத்ததும் ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

படம் பார்ப்பவர்கள் விண்டோவை (திரையில் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுகளின் வரம்பை) அகலப்படுத்த வேண்டும். வழக்கமான மீடியாஸ்டைனல் (நடுமார்பு) விண்டோவில் தமனி வெள்ளையாகப் பொங்கி, சிறு கட்டியை மூடிவிடும். அகலம் 700, மட்டம் 100-இல் தொடங்கி, தேவைக்கேற்ப இன்னும் அகட்டலாம்.

எடுக்கத் தேவையில்லாத ஸ்கேனைத் தவிர்ப்பதே பெரிய சேமிப்பு. வெல்ஸ் மதிப்பெண் (அறிகுறிகளை வைத்துக் கட்டியின் வாய்ப்பைக் கணிப்பது) குறைவாக இருந்தால் முதலில் டி-டைமர் இரத்தப் பரிசோதனை. 50 வயது கடந்தவருக்கு வயதைப் பத்தால் பெருக்கினால் வரும் எண்ணே, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், அதன் எல்லை. கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருந்தால் முதலில் கால் டாப்ளர் (சிரை அல்ட்ராசவுண்ட்).

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த மாதம் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் 100 கே.வி., 50 மி.லி. என்று தொடங்குங்கள். ஒவ்வொருவரின் எடை, டி.எல்.பி. (மெஷின் காட்டும் மொத்தக் கதிர்வீச்சுக் கணக்கு), தமனித் தண்டின் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு மூன்றையும் நோட்டில் எழுதிவாருங்கள். டி.எல்.பி.யை 0.014-ஆல் பெருக்கினால் நோயாளி பெற்ற கதிர்வீச்சு மில்லிசீவர்ட்டில் தோராயமாகக் கிடைக்கும். தண்டு தொடர்ந்து 250 அலகுக்கு மேல் நின்றால் 80 கே.வி., 40 மி.லி.க்கு இறங்குங்கள், நிற்காவிட்டால் முதலில் வென்ஃப்ளானையும் மூச்சுக் கட்டளையையும் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
சி.டி. அறையில் பணிபுரியும் கதிரியக்க மருத்துவர்களும் டெக்னீஷியன்களும்