இரவலுக்கும் கூலி உண்டு: பொது நூலக இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணையில் எந்தப் புத்தகம் தேர்வானது, எது விடுபட்டது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு உங்களிடம் பஞ்சமிருக்காது. இது அந்த வகை இல்லை. நூலகத்தில் புத்தகம் இரவல் போவதற்கு எழுதியவருக்கு அரசு பணம் தர வேண்டும் என்று பிரிஜிட் பிரோஃபி என்ற ஆங்கில நாவலாசிரியை போராடினார்; அந்த வேலையை நம் ஊரில் தொடரச் சொல்லிக் கேட்கும் மடல்.

பிரோஃபி 1929இல் லண்டனில் பிறந்தவர். உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தவரை நடத்தை சரியில்லை என்று பாதியிலேயே வெளியேற்றினார்கள். சுருக்கெழுத்துத் தட்டச்சராக வேலை பார்த்துக்கொண்டு எழுதினார். 1953இல் முதல் நாவல் வந்தது. அடுத்த ஆண்டு கலை வரலாற்றாசிரியர் மைக்கேல் லீவியை மணந்தார். பெண்களையும் காதலித்தார்: நாவலாசிரியை ஐரிஸ் மர்டாக், பின்னர் எழுத்தாளர் மொரீன் டஃபி. ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்டு நாளிதழில் எழுதியவர், அதை வாழ்ந்தும் காட்டினார்.

1969இல் வந்த 'இன் டிரான்சிட்' அவருடைய உச்சம் என்பேன். விமான நிலையத்தில் காத்திருக்கும் ஒருவருக்குத் தான் ஆணா பெண்ணா என்பது மறந்துபோகிறது. உடையைத் தடவிப் பார்த்தும், பிறர் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று துப்பறிந்தும் கண்டுபிடிக்கப் பார்க்கிறார். பல மொழிகள் கலந்த சிலேடைகள், நடுவே இரண்டு பத்திகளாகப் பிரிந்து ஓடும் பக்கங்கள். சிரித்து மாளாது, சில இடங்களில் புரியவும் புரியாது. இப்படிப்பட்ட நாவல் கடையில் குவிந்து விற்காது. விலை கொடுத்து வாங்கத் துணியாதவர்களும் வீட்டு அலமாரியில் வைக்க முடியாதவர்களும் நூலகத்தில்தான் எடுத்துப் படிப்பார்கள். அந்த இரவலில் எழுதியவருக்கு ஒரு காசு கிடையாது.

நாவலாசிரியரான அவருடைய தந்தை ஜான் பிரோஃபி 1951இலேயே ஒரு யோசனை சொன்னார்: புத்தகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வாசகர் ஒரு பென்னி தரட்டும். இலவச நூலகத்தில் கட்டணமா என்று எதிர்ப்பு வந்தது. வந்ததும் நியாயமே. மகள் அதைத் திருப்பிப்போட்டார். வாசகர் தர வேண்டாம், அரசு தரட்டும். வாங்கிய பிரதிகளை வைத்து அல்ல, இரவல் போன எண்ணிக்கையை வைத்துத் தரட்டும். 1972இல் டஃபியோடும் வேறு சில எழுத்தாளர்களோடும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி, நாவல் எழுத வேண்டிய ஆண்டுகளைக் கடிதம் எழுதியே கழித்தார். 1976இல் இதற்கான மசோதாவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சில உறுப்பினர்கள் நேரம் தீரும்வரை பேசிப் பேசியே கெடுத்தார்கள். கடைசியில் 1979 மார்ச் 22இல் சட்டமானது. ஆறே நாளில் அந்த அரசு கவிழ்ந்தது! முதல் தொகை வழங்கப்பட்டது 1984இல். தண்டுவட மரப்பு நோய் என்று பிரோஃபிக்கு உறுதியானதும் அதே ஆண்டில்தான்.

நம் கதைக்கு வருகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணம் இயற்றியது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் நூலக ஆணையில் பணம் போவது பதிப்பகத்துக்கு, அதுவும் ஒரே தடவை. அதில் எழுத்தாளருக்கு எவ்வளவு என்பது பதிப்பாளரின் மனசைப் பொறுத்தது. பின்னர் அந்தப் பிரதி நூறு கை மாறி அட்டை கிழிந்தாலும் கணக்கு இல்லை.

'இதற்கெல்லாம் கணக்கு வைக்க ஆள் எங்கே?' என்பீர்கள். பிரிட்டனிலும் எல்லா இரவலையும் எண்ணவில்லை. சில நூலகங்களை மாதிரியாக எடுத்து மதிப்பிட்டார்கள். ஓர் எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் தருவதில்லை என்ற வரம்பும் உண்டு. பெரும்புள்ளிகளே அள்ளிக்கொண்டு போக முடியாது. எண்ண வேண்டியது புத்தகத்தைத்தான், வாசகரை அல்ல; யார் எடுத்தார் என்பது பட்டியலில் வராது. பால்புதுமையினர் (குயர்) எழுத்தைத் தேடி வரும் ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் பிறகு வரட்டும். சில மாவட்ட மைய நூலகங்களையும் கிளை நூலகங்களையும் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு எந்த நூல் எத்தனை முறை வெளியே போனது என்று மட்டும் பதிந்து வெளியிடுங்கள். நூலக வரியிலிருந்து எழுத்தாளருக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
நூலக வரி கட்டும் ஒரு வாசகர்