குன்னூர் யார்டில் கைவைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். குன்னூர் ரயில் நிலையம் பற்றிய கட்டுரையில் கட்டடத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ‘சும்மா கிடக்கும் தண்டவாளங்களை எடுத்துவிட்டு கார் நிறுத்த இடம் செய்யலாம்’ என்ற யோசனைதான் இடிக்கிறது. இன்ஜினும் பெட்டியும் மாற்றி நிறுத்தும் அந்த யார்டில் எதுவும் சும்மா கிடக்கவில்லை.

1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பாதை குன்னூரோடு முடிந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908-ல்தான். கடைசி நிலையமாகக் கட்டியதால், ஊட்டி வண்டி இன்றும் நேராகப் போக முடியாது. கொஞ்சதூரம் பின்னால் வந்து, வேறு லைன் பிடித்துத்தான் அடுத்த நிலையமான வெலிங்டன் ஏற்றத்துக்குத் திரும்ப வேண்டும்.

மலையடிவாரத்துக் கல்லாறு முதல் குன்னூர் வரை பல் தண்டவாளம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏற நடுவில் பற்கள் வைத்த பாதை. செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 அடி ஓடினால் 1 அடி ஏற்றம். இன்ஜின் ‘இழுத்து வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடிவிடக் கூடாதே! டிரைவருக்கு முன்பாதை தெரியாததால், ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டிச் செய்தியைப் பின்னால் கடத்துகிறார்கள்.

அந்த நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். சமதளத்தில் இரண்டுதான் வேலை செய்யும். பல் தண்டவாளத்தில் ஏறியதும், அவை வெளியேற்றும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். குன்னூருக்கு மேல் பல் தண்டவாளம் கிடையாது, ஏற்றமும் ஏறத்தாழ பாதிதான். ஆகவே இங்கே நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுகிறார்கள். கழன்ற இன்ஜின் ஷெட்டுக்குப் போகவும், டீசல் வந்து சேரவும், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தவும் தனித்தனி லைன் வேண்டும். நாளில் பெரும்பகுதி காலியாகத் தெரிவது இவைதான்.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து கல்லாறு–குன்னூர் வழி அடைபடுவது வழக்கம். அப்போதும் ஊட்டிக்கு வண்டி விட முடிவது, பெட்டிகளும் டீசலும் குன்னூரிலேயே நிற்பதால்தான். ஒரு லைனைப் பிடுங்கினால் முதலில் அடிபடுவது அந்த வசதி.

2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் நீலகிரி ரயில்பாதை சேர்ந்தது, ஓட்டுக்கூரைக்காக மட்டுமல்ல, இந்த வேலைமுறைக்காகவும்தான். கார்களுக்கு வேறு இடம் பாருங்கள். செலவழித்தே ஆக வேண்டுமானால், இன்ஜின் மாற்றும்போது செல்ஃபி எடுக்கக் கொக்கிக்குப் பக்கத்தில் முண்டியடிப்பவர்களைத் தள்ளி நிறுத்த ஒரு கயிறும் ஒரு காவலரும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்