நீயும் வந்து சேர்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம் கவிஞர் சொன்னார், சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே, நீயும்தான் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நான் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் சேர்ந்துவிட்டேன்.

முகத்தைச் சுளிக்காதே. இனி எந்தச் சமூக வலைத்தளத்திலும் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று நீ சபதம் போட்டது எனக்கு மறக்கவில்லை. 2014-இல் ஆர்குட்டை மூடியபோது வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தவனும் நீதான். அதனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஜெர்மனியில் இருக்கும் ஆய்கன் ரோச்கோ என்ற புரோகிராமர் 2016-இல் தொடங்கி வைத்தது இது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய கையோடு கூட்டம் கூட்டமாக இங்கே குடிபெயர்ந்தார்கள். உள்ளே நுழைந்ததும் 'எந்த சர்வர்?' என்று கேட்கும், பயப்படாதே. ஜிமெயில்காரர் யாஹூகாரருக்கு மெயில் போடுகிற மாதிரிதான். ஆயிரக்கணக்கான சர்வர்கள், நடத்துகிறவர்கள் வெவ்வேறு ஆட்கள், ஆனால் எதில் இருந்தாலும் எல்லாரோடும் பேசலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எல்லாமே ஆக்டிவிட்டிபப் என்கிற ஒரே விதிமுறையைப் பின்பற்றுகின்றன. ஒருவர் பணத்தைக் கொட்டி மொத்தத்தையும் வாங்கி, நம் தலையெழுத்தை மாற்றிவிட முடியாது.

போன மாதம் கதவு நிலையில் ஒரு பெரிய அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது, இரண்டு உள்ளங்கை அகலம். படம் எடுத்துப் போட்டேன். இங்கே படம் போட்டால், பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதற்காகப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது வழக்கம். எல்லாரும் அக்கறையாக எழுதுகிறார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். செங்கல் நிறம், இறக்கைக்கு நடுவே கண்ணாடி போல முக்கோணத் திட்டுகள், மேல் இறக்கை நுனியில் பக்கவாட்டில் பார்த்த பாம்புத் தலை. அந்தப் பாம்புத் தலை, எழுத உட்கார்ந்த பிறகுதான் என் கண்ணிலேயே பட்டது. கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பதில் போட்டார்: "இது அட்லஸ் அந்துப்பூச்சி. உணர்கொம்பு இறகு மாதிரி அகலமாக இருக்கிறதா? அப்படியென்றால் ஆண். இதற்குச் சாப்பிட வாய் கிடையாது, புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துத்தான் கடைசிவரை ஓட்டும்." அதைப் படித்துவிட்டுத் திரும்பப் போய் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவருக்கும் எனக்கும் இடையில் விளம்பரம் இல்லை, சண்டை மூட்டிவிட ஆள் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது பூச்சிக்கதை இல்லை.

உன் அப்பா தவறிய செய்தியை, நாம் முன்பு இருந்த பழைய தளத்தில் நீ அன்றைக்கே எழுதியிருந்தாய். நானும் அன்று முழுக்க அந்தத் தளத்தில்தான் இருந்தேன். யாரோ ஒரு நடிகரின் கல்யாண உடை, யாரென்றே தெரியாத இருவரின் அரசியல் சண்டை எல்லாம் என் கண்முன் வந்தன. உன் நாலு வரி வரவே இல்லை. கவிஞர் போன் பண்ணி "நீ ஏன் வரவில்லை?" என்று கேட்டபோது காரியமே முடிந்திருந்தது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. நாலு வரி எழுதினால் நண்பன் கண்ணில் படும் என்று நம்பித்தானே எழுதினாய்? எதைக் காட்டினால் நான் இன்னும் கொஞ்சம் நேரம் அங்கேயே கிடப்பேன் என்று கணக்குப் போடும் இயந்திரத்துக்குச் சாவும் ஒன்றுதான், கல்யாண உடையும் ஒன்றுதான்.

மாஸ்டடானின் முகப்பில் அந்தக் கணக்கு இல்லை. நான் பின்தொடர்கிறவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும். லைக் போட்டால் எழுதியவருக்குத் தெரியும், அதற்காகப் பதிவு மேலே ஏறாது. பிறர் பதிவை நாலு பேருக்குக் காட்ட வேண்டுமென்றால் நாமாக பூஸ்ட் பண்ண வேண்டும். நேற்று விட்ட இடம்வரை படித்துவிட்டால் வேலை முடிந்தது, மூடி வைத்துவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இப்படி ஒரு முடிவு இருப்பதுதான்.

குறையும் இருக்கிறது. ஆள் குறைவு, தமிழ் எழுதுகிறவர்கள் இன்னும் குறைவு. சர்வர் நடத்துகிறவர் கைவிடப் போகிறார் என்றால், அதை மூடுவதற்குள் வேறு சர்வருக்கு மாறலாம், பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள், ஆனால் பழைய பதிவுகள் வராது. ஆகவே நடத்துகிறவர்கள் யார், செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேர். முடிந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் பணமும் அனுப்பு.

உன்னை இழுக்க வேண்டியதை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். உன்னைப் போலப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோக்காரர்களுக்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது, பெயர் மாஸ்டடான்.ரேடியோ. ஆன்டெனா கட்டுவதைப் பற்றி அங்கே பேசித் தீர்க்க ஆள் உண்டு, நம் நெட்டையனை இனியாவது விட்டுவிடு. உன்னோடு ரேடியோவில் பேசியதை உறுதிசெய்து மற்றவர்கள் அனுப்பிய, பரணில் கிடக்கும் உன் கியூஎஸ்எல் கார்டுகளைப் படமெடுத்துப் போடு, விளக்கத்தோடு.

கணக்கு தொடங்கியதும் உன் முகவரியை எனக்கு அனுப்பு. சர்வர் பெயரையும் சேர்த்து முழுசாக அனுப்பு, இல்லாவிட்டால் தேடிப் பிடிக்க முடியாது. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்