வார்ப்பு உருக்குக்கு டைட்டானியம்: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

"கொஞ்சம் டைட்டானியம் போட்டு வார்த்துத் தாருங்கள், மணி நெருக்கமாக வரும்" என்று இப்போது பலர் கேட்கிறீர்கள். மணி என்பது உருக்கு இறுகும்போது அதனுள் உருவாகும் பளிங்குத் துண்டு. புல்மோட்டை மணலிலேயே கிடக்கிறதே என்பவர்களும் உண்டு. அந்த மணலில் இருப்பது இல்மனைற்று, அதாவது ஒட்சைட்டு. அதை உருக்கில் கொட்டினால் கசடோடு கசடாகப் போய்விடும். நாங்கள் சேர்ப்பது ஃபெரோ டைட்டானியம், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த உலோகக்கலவை. அதுவும் எல்லா வார்ப்புக்கும் அல்ல.

உருகிய உருக்கு இறுகத் தொடங்கும்போது முதல் பளிங்குக்குத் தொற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கற்கண்டுக்காரர் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான். உருக்கில் அந்த வேலையை மிதக்கும் நுண்துணிக்கைகள் செய்கின்றன. அவை நிறைய இருந்தால் ஒரே நேரத்தில் பல இடங்களில் பளிங்கு வளர்ந்து மணி சிறுக்கும். இல்லாவிட்டால் அச்சுச் சுவரிலிருந்து நடுவை நோக்கி நீண்ட தூண்மணிகள் வளரும். அவை சந்திக்கும் இடத்தில்தான் வெடிப்பு ஓடும்.

ஆனால் துணிக்கையின் அணு அடுக்கு, இறுகும் உருக்கின் அடுக்கோடு பொருந்தவேண்டும். டைட்டானியம், உருக்கில் கரைந்துள்ள நைதரசனோடு சேர்ந்து டைட்டானியம் நைட்ரைட்டுத் துணிக்கையாகிறது. பிராம்ஃபிட் என்ற ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நைட்ரைட்டுக்கும், பல உருக்குகள் இறுகும்போது முதலில் எடுக்கும் பளிங்கு வடிவமான டெல்ற்றா ஃபெரைற்றுக்கும் இடையிலான பொருத்தமின்மை ஏறத்தாழ 4 சதவீதம்தான். அது இருந்தால் உருகுநிலைக்குக் கீழே 2 பாகை இறங்குவதற்குள்ளேயே பளிங்கு தோன்றிவிடும். அலுமினியத்தின் ஒட்சைட்டான அலுமினாவுக்கு அந்தப் பொருத்தம் இல்லை. கொத்துக் கொத்தாகச் சேர்ந்து குறையாக நிற்பதே அதன் வேலை.

அரிசி ஆலைக் கொதிகலனின் அடித்தட்டுக் கம்பிகளை ஃபெரிட்டிக் குரோமிய உருக்கில் வார்க்கிறோம். இங்கே டைட்டானியம் அவசியம். இந்த உருக்கு இறுகிய பின்னும் அணு அடுக்கு மாறாமல் ஃபெரைற்றாகவே இருப்பதால், வார்ப்பில் பெருத்த மணியைச் சூடேற்றிச் சிறுக்கவைக்க முடியாது. 0.2 முதல் 0.4 சதவீதம் வரை சேர்க்கிறோம். முதலில் அலுமினியம் போட்டு ஒட்சிசனைக் கட்டவேண்டும், இல்லையேல் டைட்டானியம் ஒட்சைட்டாகி வீணாகும். ஃபெரோ டைட்டானியம் உருக்கைவிடப் பாரம் குறைந்தது. மேலே தூவினால் மிதந்து எரியும், ஆகவே தகரத்தில் சுற்றி வாளியின் அடிக்கு அமிழ்த்துகிறோம். பிறகு தாமதிக்காமல் ஊற்றவேண்டும். நின்றால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து மேலே ஏறிவிடும், மணியும் பழையபடி பெருக்கும். அளவு மிஞ்சினாலும் கேடுதான்: ஓட்டம் தடித்து மெல்லிய பகுதி நிரம்பாது, பொன்னிறச் சதுரத் துணிக்கைகள் கடினமாக நின்று லேத்தில் புரி வெட்டும் டாப்பை முறிக்கும்.

சாதாரண கரிம உருக்கில் 0.02 சதவீதம் போட்டால் நைட்ரைட்டு உருவாவதே இறுகல் முடியும் தறுவாயில்தான், பளிங்கு தொடங்க அது உதவாது. அதை நோர்மலைசிங் செய்தாலே, 900 பாகையை அண்டிச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டாலே, மணி சிறுக்கிறது. அந்த வேளையில் அலுமினியம் நைட்ரைட்டு மணியைப் பெருக்கவிடாமல் பிடிக்கும். அது வேறு வேலை, திண்ம நிலையில் நடப்பது. ஆகவே இந்த வார்ப்புகளுக்கு டைட்டானியத்துக்கென்று தனிக் காசு தரவேண்டாம்.

கல்லுடைக்கும் ஆலைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கல்லை நெரிக்கும் தட்டான ஜோ பிளேட்டை 12 சதவீத மங்கனீசு உருக்கில் வார்க்கிறோம். அது ஒஸ்தனைற்று என்ற வேறோர் அணு அடுக்கிலேயே இறுகும். டைட்டானியம் நைட்ரைட்டு அதோடு நன்றாகப் பொருந்தாது. நீரில் குளிரவைக்கும் வெப்பப்பரிகரிப்பும் மணியைச் சிறுக்காது. அங்கே மணியைத் தீர்மானிப்பது ஊற்றும் வெப்பநிலைதான். "சூடாக ஊற்றுங்கள், மூலை நிரம்பட்டும்" என்று எங்களை நெருக்காதீர்கள். சூடு கூடினால் மணி பெருத்து, பல் தேயுமுன் பிளேட் பிளக்கும். மெல்லிய மூலை இருந்தால் மாதிரியில் அதைச் சற்றுத் தடிப்பாக்கித் தாருங்கள், குறைந்த சூட்டிலேயே நிரப்பிவிடலாம்.

ஓடர் தரும்போது உருக்கின் வகை, மிகத் தடித்த பகுதியின் அளவு, மிக மெல்லிய பகுதியின் அளவு, புரி போடும் இடங்கள் ஆகியவற்றை எழுதித் தாருங்கள். டைட்டானியம் சேர்ப்பதா இல்லையா என்பதை அதைப் பார்த்து விலைக்கூற்றிலேயே குறிப்பிடுவோம்.

இங்ஙனம்,
வார்ப்புப் பட்டறையினர்,
திருகோணமலை