ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று சொன்னேன்

பாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் உன் தெரபி வேலையைப் பற்றி அவ்வளவு பெரிய கேள்வி கேட்டாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது பாதிக் காரணம். மீதிப் பாதி, எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், எனக்கும் கோர்வை விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன்னிடம் தெரபிக்கு வருகிற அந்தப் பையனின் பெயரை நீ சொல்லவில்லை, சரி. ஆனால் என்ன படிக்கிறான், எந்த ஊர்க்காரன் இரண்டும் பேச்சுவாக்கில் வந்துவிட்டன. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு ஆளைக் கண்டுபிடிக்க நம் சொந்தக்காரர்களுக்கு அரை மணி நேரம் போதும். அம்மாவிடம்தானே என்று நினைத்திருப்பாய். இந்த விஷயத்தில் அம்மாவும் வெளியாள்தான். அவன் கதையை உன் சூப்பர்வைசரிடம் பேசு. என்னிடம் உன் கதையை மட்டும் சொல்.

இனி நீ கேட்டது. "நிஜமாவே அக்கறையாக் கேக்கறீங்களா, காசு வாங்கறதால கேக்கறீங்களா" என்று அவன் கேட்டான். நீ படித்தபடி, "அப்படித் தோணும்போது உங்களுக்கு எப்படி இருக்கு" என்று திருப்பிவிட்டாய். அவன் சிரித்துவிட்டு, ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுப் போனான். "நான் நடிக்கிறேனாம்மா?" என்று கேட்டாய்.

எனக்குத் தெரபி தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் மனநல வார்டில் நர்ஸாக இருந்தேன், அவ்வளவுதான். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1989. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். பெண்கள் வார்டில் ஒருத்தி இருந்தாள். வீட்டார் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாத்திரையில் நன்றாகத் தேறிவிட்டாள். காதில் குரல் கேட்பது நின்றுபோய், சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியும் ஆயிற்று. கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. தினமும் ரவுண்ட்ஸ் முடிந்ததும் என் பின்னாலேயே வருவாள். "எப்ப சிஸ்டர் வருவாங்க?" ஒரு நாள் கை நிறைய வேலை. "ஞாயித்துக்கிழமை வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே குளித்துவிட்டாள். தலையில் இரண்டு இஞ்ச் முடிதான் இருந்தது. பேன் என்று சொல்லி எல்லோருக்கும் சேர்த்து மொட்டையடித்த காலம் அது. (கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, சொந்தத் துணி உடுத்த விட வேண்டும் என்று மனநலச் சட்டத்தில் எழுதுவதற்கு 2017 வரை ஆயிற்று பார்.) அந்த முடிக்கு எண்ணெய் வைத்து, என்னிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்தபடி வராந்தாவில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை. அடுத்த வாரம் கேட்டபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். பஸ் கிடைத்திருக்காது, இந்த வாரம் வருவாங்க. இப்படிப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போட்ட கடிதம், விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அவங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியலைம்மா. வருவாங்கன்னு நான் சொன்னது பொய்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு மாதம் என் கையால் மாத்திரை வாங்கவில்லை. வேறு சிஸ்டர் வந்தால்தான் வாயைத் திறப்பாள். சீனியர் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் நகம் வெட்டும்போது வந்து தானாகக் கையை நீட்டினாள். வெட்டிவிட்டேன். "மழை வருமா சிஸ்டர்?" என்றாள். தெரியலைம்மா என்றேன். சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு நான் 'தெரியாது' என்றால் எனக்கு நிஜமாகவே தெரியாது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள், 'வரும்' என்றால் வரும்.

அந்தப் பொய்யை நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது அன்பு. அவள் கேள்வியிலிருந்து தப்பித்துப் போனவை என் கால்கள். உன் பதிலும் இந்த வகையோ என்றுதான் எனக்குச் சந்தேகம். கேள்வியைத் திருப்பிக் கேட்பது தப்பில்லை, சில சமயம் அதுதான் சரி. ஆனால் நீ தப்பிப்பதற்காகக் கேட்டாயா, அவனைத் தெரிந்துகொள்ளக் கேட்டாயா என்பது அவனுக்கு உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இப்படி உதவி தேடி வருகிறவர்களுக்கு முகம் படிக்கத் தெரிகிற அளவுக்கு எந்த டாக்டருக்கும் தெரியாது.

சரி, அப்படியென்றால் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடலாமா? அதையும் செய்து பார்த்துவிட்டேன். உன் அப்பா போனபோது பதினாறாம் நாள் முடிந்ததும் டூட்டிக்குப் போய்விட்டேன். மாத்திரை ட்ரேயோடு நிற்கும்போது ஒரு பாட்டி என் கழுத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடன் உட்பட. அடுத்த வாரம் முழுக்க வார்டே எனக்கு ஆறுதல் சொன்னது. ஒருத்தி தன் முட்டையை எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். எனக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி கனவைத் தினமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பாட்டி, சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "உனக்கே ஆயிரம் கஷ்டம், என்னுது எதுக்கு" என்றார். "வீட்டுக்காரர் தவறிட்டார், பாட்டி. வருத்தமாத்தான் இருக்கேன்" என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும். அதுவும் உண்மைதானே.

உன் இன்ஸ்டாகிராம் வீடியோவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இதோ சொல்லிவிட்டேன். உனக்கு வந்த பதற்றத்தை நீ யாரிடமும் மறைக்க வேண்டாம். ஆனால் அதைத் தெரபிஸ்ட் என்ற பெயருக்குக் கீழே போடும்போது, அடுத்த நாள் உன் எதிரில் வந்து உட்காருகிறவனும் பார்த்திருப்பான். அவன் உன்னைத் தாங்கிப் பேச ஆரம்பித்தால்? யாருக்காகச் சொன்னாய் என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்துக்கொள். எனக்காக என்று பதில் வந்தால், அதைச் சொல்ல உனக்குத் தோழிகள் இருக்கிறார்கள், உன் தெரபிஸ்ட் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.

நீ எம்.ஃபில். முடித்தபோது விட்டுப்போன நோட்டுகளை மத்தியானம் எடுத்துப் பார்க்கிறேன். பாதி புரிவதில்லை. ஆனால் கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1957-இல் எழுதிய கட்டுரையைப் பற்றி நீ பச்சை மையில் எழுதி வைத்திருப்பது நன்றாகவே புரிகிறது. உதவி செய்கிறவர் உள்ளும் வெளியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறார். வாழ்க்கை முழுக்க அப்படி இருக்கத் தேவையில்லை, முடியவும் முடியாது, இந்த ஒரு மணி நேரத்தில், இந்த ஒரு உறவில் இருந்தால் போதும் என்கிறார். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. 'இவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது', 'என் பிரச்சினையிலேயே மனசு இருப்பதால் இவர் சொல்வது காதில் ஏறவில்லை' என்பது போன்ற நினைப்பு வந்தால், அதைத் தனக்குத்தானே மறைக்காமல் இருந்தால் போதுமாம். எல்லாவற்றையும் எதிரில் இருப்பவரிடம் சொல்லியாக வேண்டும் என்றில்லை, சிலதைச் சக தொழில்காரரிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லலாம். நீ இந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். மறந்துவிட்டாயா?

உளப்பகுப்பாய்வை ஆரம்பித்துவைத்த ஃப்ராய்டைப் பற்றிய பக்கத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. 1912-இல் டாக்டர்களுக்கு எழுதும்போது, கண்ணாடி மாதிரி இருங்கள், அவர் காட்டுவதையே அவருக்குக் காட்டுங்கள், உங்களைக் காட்டாதீர்கள் என்றிருக்கிறார். அதே மனிதர் 1907 டிசம்பரில், எலி மனிதன் என்று பெயர் வைத்த நோயாளி பசியோடு வந்தபோது சாப்பாடு போட்டுத் தன் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார். கண்ணாடி சாப்பாடு போடுமா? எனக்கு அந்த ஃப்ராய்டைத்தான் பிடித்திருக்கிறது. (நீ ஆரம்பித்துவிடாதே. வரும் எல்லோருக்கும் இட்லி கொடுத்தால் சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டுவார்.)

காசு விஷயத்துக்கு வருகிறேன். நீ காசு வாங்கத்தான் செய்கிறாய். அதை ஒளிக்கப் போய்த்தான் முகம் மாறுகிறது. நானும் சம்பளம் வாங்கினேன். ஒன்றாம் தேதி சம்பளம் வராத மாதம் கோபத்தோடுதான் வார்டுக்குப் போனேன். "ஆமாம், இந்த ஐம்பது நிமிஷத்துக்குக் காசு வாங்குகிறேன், அது என் பிழைப்பு. நீங்க சொன்னது வீட்டுக்குப் போனபிறகும் மனசுல இருந்தது, அதுக்குக் காசு கிடையாது" என்று நீ சொல்லியிருக்கலாம். அதுவும் நிஜமாகவே இருந்திருந்தால் மட்டும். இல்லையென்றால் முதல் பாதியோடு நிறுத்திக்கொள். அதுவே அவனுக்கு ஒரு மரியாதைதான்.

உன் கிளினிக் வெப்சைட்டையும் பார்த்தேன். எழுதிய ஆளைக் கூப்பிட்டு ஒன்றை மாற்றச் சொல். நீ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த விஷயத்தில் உன்னை 'நிபுணர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உனக்கு இருக்கிறது, இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கஷ்டப்பட்டு வாங்கினது. அதைப் போடு, தெரியாததை எடு. ரிசப்ஷன் பெண் உன்னை டாக்டர் என்று சொல்வதையும் ஒரு தரம் கேட்டேன். நீ மாத்திரை எழுதித் தருவாய் என்று நம்பி வருகிறவன் ஏமாந்து போவான், சொல்லிவை.

அப்புறம், "நீங்க சொல்றது எதுவும் இந்த அறையை விட்டு வெளிய போகாது" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்வதாகச் சொன்னாய். அது முழு உண்மை இல்லை. ரகசியம் காப்பதைப் பற்றிய 2017 மனநலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. இன்னொருவருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம், அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் சிலர் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள், பேசட்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, ஒரு நாள் ராத்திரி அவர் வீட்டுக்கு நீ போன் போட வேண்டி வந்தால், அது என் பதினோரு ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிடும்.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், ஸ்டாண்டுக்கு ஆளனுப்பு. ராத்திரி பதினொரு மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் கிளையன்ட்டுக்குப் பதில் போடாதே, நீ தூங்காமல் அடுத்த நாள் போய் உட்கார்ந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. அந்தப் பையன் மறுபடி வந்தானா, வரவில்லையா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லாதே.

அம்மா