மாதுளங்காய் கொண்டுவந்த அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

ஞாயிறு விருந்துக்கு ஒரு பழைய பாட்டில் இருக்கும் சமையலைச் செய்ய மாதுளங்காய் வேண்டும், எங்கேயும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பதிவு போட்டிருந்தேன். ஞாயிறு மதியம் காஞ்சிபுரத்தில் 40 பேர் இலை முன்னால் உட்கார்ந்தார்கள், 40 பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நேற்று முழுக்கத் தூங்கினேன், எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை, அதில் ஐந்தாறு அடிகளுக்குள் ஒரு சமையல் இருக்கிறது. செம்பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் மாதுளங்காயை அரிந்து போட்டு வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாயோடு பரிமாறுகிறார்கள். அளவு கிடையாது, எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பாட்டு, அதனால் இந்த ஊரிலேயே இதைச் சமைத்துப் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. மிளகாய் இந்த நாட்டுக்கு வராத காலத்துச் சமையல், இதில் காரத்துக்கு மிளகுதான்.

ஆனால் பாட்டு கேட்பது 'பசுங்காய்'. கடையில் கிடைப்பதெல்லாம் பழம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கதவைத் தட்டினார் ஓர் அம்மா. முன்பின் பார்த்ததில்லை. கையில் மஞ்சள் பை, அதில் 23 காய், சிலவற்றில் காம்போடு இலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் இருந்ததையெல்லாம் பறித்துவிட்டார். "ஐயோ, பழுக்க விட்டிருக்கலாமே அம்மா" என்றேன். "பழுத்தா பத்துப் பேரு வந்து கேப்பாங்க. காய் வேணும்னு இதுவரைக்கும் யாரும்மா கேட்டா, நீதான் கேட்டே" என்றார். காசு வாங்கவில்லை.

கொடுத்துவிட்டுப் போயிருந்தாலே நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அரிவாள்மணையை எடுத்ததும், "இரும்பு வேணாம்மா, கறுத்துப் போயிடும்" என்று எவர்சில்வர் கத்தியைக் கேட்டு வாங்கி, ஒரு காயை மெல்லிசாக அரிந்து, வாழைப்பூவுக்குச் செய்வதுபோல மோர்த் தண்ணீரில் போட்டார். உள்ளே முத்துக்கள் வெளுப்பாக, பால்பல் மாதிரி இருந்தன. அரைமணி நேரம் கழித்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன், நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு பாதி அடங்கியிருந்தது. இரண்டு வாரமாக எந்த உரையிலும் அகராதியிலும் எனக்குக் கிடைக்காத விஷயம் அது. அந்தப் பாட்டை அவர் படித்ததில்லை. ஆனால் பாட்டில் இதைச் சமைத்துப் போடும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இந்தக் கைப்பக்குவம் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

'கறி' என்றால் இங்கே மிளகு, 'கஞ்சகம்' கறிவேப்பிலை, 'கொக்கு' பறவை இல்லை மாமரம் என்று போனிலேயே அடி அடியாகச் சொல்லித்தந்த தமிழாசிரியர், விடியற்காலை நாலு மணிக்கு வெண்ணெய் கடைந்து கொடுத்த பால்கார அக்கா, பாத்திரம் தேய்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மாவடு ஜாடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த சித்தி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய உ.வே.சா. அவர்களையும் அன்று மனதுக்குள் கும்பிட்டேன்.

புளிப்பும் துவர்ப்பும் முன்னால் வந்து, அப்புறம் மிளகு ஏறி, கடைசியில் வெண்ணெய் எல்லாவற்றையும் தணித்துவிடுகிற ருசி. பந்தியில் ஒரு பெரியவர் இன்னொரு கரண்டி கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி எந்தப் பழைய சமையலை எடுத்தாலும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் தெருவில் வயதான நாலு பேரிடமாவது கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

அந்த அம்மா பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மஞ்சள் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக் காலையில் அதில் ஒரு பாட்டில் மாவடு வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன், அப்படியே அந்த மரத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.