முகத்தை மூடினாலும் புடவை காட்டிக் கொடுத்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் நாளிதழில் 'மசாஜ் சென்டரில் விபசாரம்: 3 அழகிகள் மீட்பு' என்று ஒரு செய்தி. கூடவே, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறும் மூன்று பெண்களின் படம். நடத்தியவர் யார், வந்துபோன ஆண்கள் யார், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மீட்டதாகவே இருக்கட்டும், மீட்கப்பட்டவரை யாராவது இப்படிப் படம் எடுத்துப் போடுவார்களா?

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் ஆறு வருடம் களப்பணி செய்தவள் நான். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் படம் இப்படித்தான் ஒரு பத்திரிகையில் வந்தது. முகம் தெரியவில்லை, ஆனால் அவர் கட்டியிருந்த புடவை வீட்டு ஓனர் மகளின் வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போன அதே புடவை. மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பத்தாவது படித்துக்கொண்டிருந்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். எந்த நீதிமன்றமும் அந்த அக்காவுக்குத் தண்டனை கொடுக்கவில்லை, அந்தப் படம்தான் கொடுத்தது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சோதனை, கைது, மீட்பு எதுவானாலும் பாலியல் தொழிலாளிகளின் அடையாளம் தெரியும்படி படம் போடக் கூடாது, ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது எவ்வளவு முக்கியம் என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் கொடுக்கும் ஆணுறையைப் பல பெண்கள் வாங்கவே மாட்டார்கள், "பையத் துழாவுனா இதுதான் மொதல்ல மாட்டும்" என்பார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டதே நம் சென்னையில், பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளில்தான். அதற்கு அப்புறமும் பயத்தால் ஆணுறையை ஒளித்து வைக்க வேண்டியிருந்தால் அந்தப் பயத்தால் யாருக்கு என்ன லாபம்?

இந்தத் தொழிலைச் சட்டப்படி முறைப்படுத்தலாம் என்று யாராவது வாய் திறந்தாலே பண்பாடு கெட்டுவிடும் என்று பேச்சை அடக்கிவிடுகிறோம். இன்றைக்கு உள்ள சட்டம் என்ன சொல்கிறது என்பதாவது வாசகர்களுக்குத் தெரிய வேண்டாமா? வயது வந்த பெண் தன் விருப்பத்தில் தனியாக இதைச் செய்வது குற்றமே இல்லை. ஆனால் துணைக்கு ஆள் வேண்டும் என்று இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்து செய்தால், 1956-ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டப்படி அந்த வீடு விபசார விடுதி. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும் பதினெட்டு வயது தாண்டிய மகன் மேலேயும் வழக்குப் போட அதில் இடம் இருக்கிறது. தனியாக இருந்தால் வருகிறவனிடம் அடி, சேர்ந்து இருந்தால் வழக்கு!

நியூசிலாந்தில் 2003-லேயே சட்டத்தை மாற்றி, நான்கு பேர் வரை சேர்ந்து உரிமம் இல்லாமலே தொழில் செய்யலாம் என்று வைத்தார்கள். அங்கே 2014-ல் ஒரு பாலியல் தொழிலாளி, தன்னிடம் அத்துமீறிய விடுதி நிர்வாகி மீது வழக்குப் போட்டு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வாங்கினார். இங்கே அப்படி ஒரு புகாரோடு ஸ்டேஷன் படியேறினால் முதலில் யார் மேல் வழக்கு வரும்? ஜெர்மனி மாதிரி பேரைப் பதிவு செய்து அட்டை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நம் ஊரில் அந்தப் பட்டியல் ஒரு நாள்கூட ரகசியமாக இருக்காது. குழந்தைகளை, ஏமாற்றிக் கூட்டி வந்தவர்களை வைத்துத் தொழில் நடத்துகிறவனை உள்ளே தள்ளுங்கள், அதில் ஈவிரக்கமே வேண்டாம்.

சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை, அதற்கு நாளாகும். 'அழகிகள்' என்ற வார்த்தையையும் அந்தப் படங்களையும் நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது, அதை நாளைக் காலைப் பதிப்பிலிருந்தே செய்யுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
திருச்சி